குறைத்துக் கொடுத்த காப்பீட்டுத் தொகையைக் கேட்டு எழுதுவது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

கார் விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனத்துக்குக் கோரிக்கைக் கடிதம் எழுதுவது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். முதல் கேள்விக்கான பதில் சற்று நீளமானது. மற்ற பதில்கள் அதைத் தொட்டுச் செல்வதால் அதை முதலில் படித்துவிடுவது நல்லது.

கேள்வி: என்னுடையது 1,200 சி.சி. பெட்ரோல் கார், வாங்கி நான்கு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் ஆகின்றன. ஓமலூர் அருகே முன்னால் சென்ற லாரி திடீரென்று நின்றதால் அதன் பின்புறத்தில் மோதிவிட்டேன். யாருக்கும் காயமில்லை. ஒர்க்‌ஷாப் பில் ரூ.1,03,000 ஆயிற்று, நிறுவனம் ரூ.57,250 மட்டுமே கொடுத்தது. மீதி ரூ.45,750-ஐக் கேட்டு, சேதத்தை மதிப்பிட்ட சர்வேயருக்கு வாட்ஸ்அப்பில் பலமுறை எழுதியும் பதில் இல்லை. மன உளைச்சலுக்கு ரூ.50,000 சேர்த்து வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பலாமா, நானே கடிதம் எழுதினால் போதுமா? பில், பாலிசி, நிறுவனத்தின் கணக்குத்தாள் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகர், சேலம்

பதில்: நீங்களே எழுதினால் போதும். ஆனால் அந்தக் கடிதத்தில் ரூ.45,750 என்று எழுதாதீர்கள். நீங்கள் அனுப்பிய தாள்களை வைத்துக் கணக்குப் போட்டால் உங்களுக்கு இன்னும் வரவேண்டியது ரூ.18,100. இந்த இரண்டு தொகைகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கடிதத்தை நிறுவனம் மதித்துப் படிக்குமா, கோப்பில் போட்டு மூடிவிடுமா என்பதைத் தீர்மானிக்கும்.

மோதியதில் தவறு யாருடையது என்ற கவலை இங்கே தேவையில்லை. சொந்த வண்டியின் சேதத்துக்கான பாதுகாப்பு, அதாவது ‘ஓன் டேமேஜ்’ பிரிவு, ஓட்டியவர் கவனக்குறைவாக இருந்திருந்தாலும் பொருந்தும். கேள்வி தொகையைப் பற்றியது மட்டுமே.

பாலிசிப் புத்தகத்தின் முதல் பிரிவிலேயே தேய்மான அட்டவணை, அதாவது பாகங்கள் பழசானதற்காக எவ்வளவு கழிப்பார்கள் என்ற பட்டியல், இருக்கும். பெரும்பாலான நிறுவனங்களின் தனிநபர் கார் பாலிசிகளில் அது ஏறக்குறைய ஒன்றேதான். பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்கள், டயர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கு வண்டியின் வயது எதுவாயினும் 50 சதவீதம் கழிப்பார்கள். ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவே கிடையாது. உலோகப் பாகங்களுக்கு மட்டும் வயதைப் பார்ப்பார்கள். ஆறு மாதம் வரை ஒன்றுமில்லை, ஓராண்டு வரை 5, இரண்டு ஆண்டு வரை 10, மூன்று வரை 15, நான்கு வரை 25, ஐந்து வரை 35, பத்து வரை 40, அதற்கு மேல் 50 சதவீதம் என்று அது ஏறிக்கொண்டே போகும். உங்கள் வண்டி நான்கு ஆண்டைத் தாண்டிவிட்டதால் 35 சதவீதம். விபத்து இரண்டு மாதங்களுக்கு முன்பு நடந்திருந்தால் 25 சதவீதத்தோடு போயிருக்கும். அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. கூலிக்குத் தேய்மானம் கிடையாது. இவை எல்லாவற்றையும் கூட்டிய பிறகு, 1,500 சி.சி. வரையுள்ள கார் என்பதால் பாலிசிதாரரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவாக ரூ.1,000 போகும்.

‘ஜீரோ டெப்’ எனப்படும் தேய்மானமில்லாத் துணைக் காப்பீட்டை நீங்கள் எடுக்கவில்லை என்பது பாலிசியின் முதல் பக்கத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எடுத்திருந்தால் பெரும்பாலான கழிவுகள் இருக்காது, இந்தக் கணக்கே வேறாக இருந்திருக்கும். எடுக்காதபோது முழு பில்லையும் கேட்பதால் பயனில்லை.

இப்போது உங்கள் பில்லுக்கு வருவோம். முன் பம்பரும் இரண்டு ஹெட்லைட்களும் சேர்ந்து ரூ.23,800, பிளாஸ்டிக் என்பதால் பாதி, ரூ.11,900. பானட் ரூ.11,000, இடப்பக்க ஃபெண்டர் ரூ.6,000, ரேடியேட்டர் ரூ.8,000, ஏ.சி. கண்டன்சர் ரூ.10,000 ஆகிய உலோகப் பாகங்கள் மொத்தம் ரூ.35,000, அதில் 65 சதவீதம் ரூ.22,750. முன் கண்ணாடி ரூ.8,200, முழுமையாக. கூலி ரூ.16,000, முழுமையாக. பெயின்டிங் ரூ.20,000, இதில் ரூ.17,500 வரவேண்டும், ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். எல்லாம் சேர்த்து ரூ.76,350. கட்டாயக் கழிவு ரூ.1,000 போனால் ரூ.75,350. நிறுவனம் கொடுத்த ரூ.57,250-ஐக் கழித்தால் நிலுவை ரூ.18,100.

கணக்குத்தாளை வரிவரியாகப் பார்த்ததில் இந்த நிலுவை மூன்று இடங்களில் ஏற்பட்டிருப்பது தெரிகிறது. முன் கண்ணாடிக்குப் பிளாஸ்டிக்கைப் போலவே பாதி கழித்திருக்கிறார்கள், இதில் ரூ.4,100 போய்விட்டது. கணினியில் பாகத்தின் வகையைத் தவறாகப் பதிந்ததால் வந்த பிழையாக இருக்கலாம். பெயின்டிங்கில் மொத்தத் தொகைக்கும் 50 சதவீதம் கழித்து ரூ.10,000 மட்டும் தந்திருக்கிறார்கள். பாலிசி சொல்வதோ வேறு: பெயின்டிங் செலவில் பொருளுக்கான பங்குக்கு மட்டுமே 50 சதவீதம் கழிக்கலாம், பொருளையும் கூலியையும் பிரிக்காமல் ஒரே பில்லாகப் போட்டிருந்தால் மொத்தத்தில் 25 சதவீதத்தைப் பொருளின் பங்காகக் கொள்ள வேண்டும். ஆக, ரூ.20,000-இல் ரூ.5,000 பொருள், அதில் பாதியான ரூ.2,500 மட்டுமே கழிவு. இங்கே ரூ.7,500 குறைந்துவிட்டது. இந்த ஒரு விதியைப் பாலிசிதாரர்களில் பெரும்பாலோர் படிப்பதே இல்லை என்பது என் எண்ணம்.

மூன்றாவது கண்டன்சர். ‘பழைய சேதம், விபத்துடன் தொடர்பில்லாதது’ என்று ஒரு வரியில் எழுதி அதை முற்றிலும் நீக்கியிருக்கிறார்கள். 65 சதவீதக் கணக்கில் இதன் இழப்பு ரூ.6,500. உங்கள் கடிதத்தில் வாதம் தேவைப்படுவது இங்கே மட்டும்தான், அதுவும் வலுவான வாதம். காரின் முன்பக்கத்தில் பம்பருக்குப் பின்னால் முதலில் இருப்பது கண்டன்சர், அதற்கும் பின்னால் இருப்பது ரேடியேட்டர். பம்பர் நொறுங்கியது விபத்தால்தான் என்று சர்வேயர் ஏற்றிருக்கிறார். ரேடியேட்டர் ஒடுங்கியதும் விபத்தால்தான் என்று ஏற்றிருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் இருந்த பாகம் மட்டும் எப்படி அந்த மோதலுக்குத் தப்பியது என்பதற்கு அறிக்கையில் விளக்கமில்லை. இதை இப்படியே எழுதுங்கள். கூடவே, பாகங்களைக் கழற்றும்போது ஒர்க்‌ஷாப்பில் எடுத்த புகைப்படங்களையும், விபத்துக்கு முந்தைய சர்வீஸ் சீட்டையும் இணையுங்கள். அந்தச் சீட்டில் ஏ.சி. சரியாக வேலை செய்கிறது என்ற குறிப்பு இருந்தால் பழைய சேதம் என்ற பேச்சு அதோடு முடிந்துவிடும். சர்வேயரின் அறிக்கை முக்கியமானது, ஆனால் மாற்ற முடியாத இறுதி வார்த்தை அன்று என்று உச்ச நீதிமன்றம் 2009-ஆம் ஆண்டு பிரதீப் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

சர்வேயருக்கு வாட்ஸ்அப் அனுப்பியதில் பயனில்லாததற்குக் காரணம், அவர் இழப்பை மதிப்பிடுபவரே தவிரப் பணம் கொடுக்க முடிவெடுப்பவர் அல்லர். அவர் அறிக்கை கொடுத்ததோடு அவர் வேலை முடிந்தது. ஏஜென்டிடம் கொடுத்த கடிதமும், ஒர்க்‌ஷாப் மேலாளரிடம் சொன்ன முறையீடும் அப்படித்தான். கடிதம் போக வேண்டிய இடம், பாலிசியில் குறிப்பிட்டுள்ள கிளை அலுவலகமும் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரியும். குறைதீர்ப்பு அதிகாரியின் மின்னஞ்சல் பாலிசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களிலும் நிறுவனத்தின் இணையதளத்திலும் இருக்கும். மின்னஞ்சலில் ஒன்று, ஸ்பீடு போஸ்டில் ஒன்று என இரண்டு வழியிலும் அனுப்பி, அஞ்சல் ரசீதையும் பட்டுவாடா ஆனதற்கான அச்சுத்தாளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். எழுதலாம், ஆனால் மறுபரிசீலனை செய்யும் மேசை பல நிறுவனங்களில் வெளிமாநிலத்தில் இருப்பதால், தொகைகளைக் காட்டும் அட்டவணையையாவது ஆங்கிலத்தில் இணைத்தால் ஒரு வாரம் மிச்சமாகும்.

கடிதத்தின் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

“பொருள்: பாலிசி எண் ……, க்ளெய்ம் எண் ……, வாகன எண் …… – குறைத்து வழங்கப்பட்ட ரூ.18,100-ஐக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

மேற்கண்ட வாகனம் …… தேதியில் ஓமலூர் அருகே விபத்துக்குள்ளானது குறித்து …… தேதியில் தங்களுக்குத் தெரிவித்தேன். தங்கள் சர்வேயர் …… தேதியில் வாகனத்தைப் பார்வையிட்டார். ரூ.1,03,000-க்கான பில் …… தேதியில் ஒப்படைக்கப்பட்டது. …… தேதியில் ரூ.57,250 என் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. இத்தொகையை, மீதமுள்ள தொகைக்கான என் உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொண்டிருக்கிறேன்.

பாலிசியின் முதல் பிரிவிலுள்ள தேய்மான அட்டவணைப்படி எனக்குரிய தொகை ரூ.75,350. கணக்கு இணைப்பு 1-இல் உள்ளது. வேறுபாடு பின்வரும் மூன்று இனங்களில் எழுகிறது. முன் கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லாதபோது 50 சதவீதம் கழிக்கப்பட்டுள்ளது (ரூ.4,100). பெயின்டிங் செலவில் பொருளின் பங்குக்கு மட்டும் கழிப்பதற்குப் பதிலாக மொத்தத்துக்கும் கழிக்கப்பட்டுள்ளது (ரூ.7,500). ஏ.சி. கண்டன்சர் காரணம் விளக்கப்படாமல் நீக்கப்பட்டுள்ளது (ரூ.6,500), அதன் முன்னும் பின்னும் உள்ள பாகங்களின் சேதம் விபத்தால் ஏற்பட்டதென ஏற்கப்பட்டிருப்பதால் இந்நீக்கம் பொருந்தாது. இணைப்பு 2, 3 காண்க.

எனவே ரூ.18,100-ஐ இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் வழங்குமாறும், வழங்க இயலாதெனில் ஒவ்வோர் இனத்துக்கும் பாலிசியின் எந்த விதிப்படி மறுக்கப்படுகிறது என்பதை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும், சர்வேயர் அறிக்கையின் முழு நகலை அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன்.”

இவ்வளவு போதும். நீங்கள் எத்தனை ஆண்டுகளாக அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர், உறவினர்கள் என்ன சொன்னார்கள், கால் சென்டரில் எப்படிப் பேசினார்கள் என்பவற்றை எல்லாம் விட்டுவிடுங்கள். இந்தக் கடிதத்தை இன்று படிப்பவர் நிறுவனத்தின் அதிகாரி என்றாலும், விவகாரம் முற்றினால் நாளை இதைப் படிக்கப்போகிறவர் உங்களையும் தெரியாத, அந்த நிறுவனத்தையும் சாராத ஒரு மூன்றாம் மனிதர்; அவர் வேறு எந்தத் தாளையும் புரட்டாமல் என்ன நடந்தது, எவ்வளவு கேட்கப்படுகிறது, எந்த விதிப்படி கேட்கப்படுகிறது என்பதை இந்த ஒரு பக்கத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். மன உளைச்சலுக்கான ரூ.50,000-ஐ இங்கே சேர்க்காதீர்கள். அதைத் தரும் அதிகாரம் கடிதத்தைப் பிரிக்கும் அதிகாரிக்குக் கிடையாது. அவர் தர முடியாத ஒன்றைக் கேட்டால், தரக்கூடியதையும் சேர்த்து மறுப்பது அவருக்கு எளிதாகிவிடும். விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் அங்கே கேட்டுக்கொள்ளலாம்.

வட்டியைப் பொறுத்தவரை ஒரு வரி சேர்க்கலாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஜூனில் வெளியிட்ட தொகுப்புச் சுற்றறிக்கையின்படி, க்ளெய்ம் பதிவான 24 மணி நேரத்துக்குள் சர்வேயர் நியமிக்கப்பட வேண்டும். அவர் 15 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அறிக்கை கிடைத்த 7 நாட்களுக்குள் நிறுவனம் முடிவெடுக்க வேண்டும். தாமதமானால் வங்கி வீதத்துக்கு மேல் 2 சதவீத வட்டி உண்டு. ஆகவே உங்கள் கடிதத்தில் உள்ள தேதிகள் வெறும் வரலாறு அல்ல. எந்தப் படியில் எத்தனை நாள் வீணானது என்பதை அவையே காட்டும்.

பதில் திருப்தியாக இல்லாவிட்டால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் ‘பீமா பரோசா’ இணையதளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகாரைப் பதியலாம். புகார் மறுபடியும் நிறுவனத்துக்கே போகும் என்றாலும், இம்முறை அது ஆணையத்தின் கண்காணிப்பில் இருக்கும். அடுத்த படி காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது. நிறுவனம் மறுத்தாலும், ஒரு மாதம் பதிலே தராவிட்டாலும், தந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலும் ஓராண்டுக்குள் அங்கே முறையிடலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை. அவர் வழங்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ரூ.18,100-க்கு வழக்கறிஞர் நோட்டீஸ் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். நோட்டீசுக்கும் முதல் ஆலோசனைக்கும் ஆகும் செலவை வைத்துப் பார்த்தால் மிஞ்சுவது அதிகமிருக்காது.

கேள்வி: இரவில் நடந்த விபத்தில் எனக்கு இடுப்பெலும்பு முறிந்து எட்டு நாள் மருத்துவமனையில் இருந்தேன். கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. ஒன்பதாம் நாள்தான் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொன்னேன். ‘உடனடியாகத் தெரிவிக்கவில்லை’ என்று சொல்லி க்ளெய்மை நிராகரித்துவிட்டார்கள். கடிதம் எழுதினால் வேறு காரணங்களையும் கிளப்புவார்கள் என்று ஏஜென்ட் பயமுறுத்துகிறார்.
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: ஏஜென்டின் பயத்துக்கு அடிப்படையில்லை. நிராகரிப்புக் கடிதத்தில் என்ன காரணம் எழுதப்பட்டிருக்கிறதோ அதை மட்டும் வைத்துத்தான் நிறுவனம் பின்னால் வாதாட முடியும், அதில் இல்லாத புதுக் காரணத்தை வழக்கு மன்றத்தில் சேர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சவுராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் கையிலுள்ள நிராகரிப்புக் கடிதம் ஒரே ஒரு காரணத்தைச் சொல்கிறது என்றால், அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதினால் போதும். நீங்களாக மற்றவற்றைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம்.

தாமதத்தைப் பொறுத்தவரை ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கையில், தவிர்க்க முடியாத சூழலால் ஏற்பட்ட தாமதத்தைக் காட்டி உண்மையான க்ளெய்ம்களை இயந்திரத்தனமாக நிராகரிக்கக் கூடாது என்று நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. உங்கள் கடிதம் இரண்டு விஷயங்களை நிறுவ வேண்டும். முதலாவது, தாமதத்துக்குக் காரணம் இருந்தது. மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் சேர்ந்த தேதியும் வெளியேறிய தேதியும் இருக்கும், அதை இணையுங்கள். இரண்டாவது, தாமதத்தால் நிறுவனத்துக்கு எந்த இழப்பும் இல்லை. வண்டி எந்த நாளில் ஒர்க்‌ஷாப்புக்குள் வந்தது என்பதற்கான வரவுச் சீட்டையும், சர்வேயர் பார்க்கும் வரை ஒரு ஸ்க்ரூ கூடக் கழற்றப்படவில்லை என்று ஒர்க்‌ஷாப் தரும் கடிதத்தையும் வாங்கி இணைத்தால், ‘முதல் நாளே சொல்லியிருந்தால் சர்வேயர் எதைப் பார்த்திருப்பாரோ, அதைத்தான் பத்தாம் நாளும் பார்த்தார்’ என்று எழுத முடியும். பெரும்பாலானவர்கள் முதல் விஷயத்தை மட்டும் இரண்டு பக்கத்துக்கு எழுதிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் இரண்டாவதுதான் கனமானது.

காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீதோ எஃப்.ஐ.ஆரோ உடனடியாகப் பதிவாகியிருந்தால் அதன் நகலையும் சேர்த்துவிடுங்கள். விபத்து நடந்த நாளை அதைவிட உறுதியாக நிறுவும் தாள் வேறில்லை.

கேள்வி: எனக்கு வயது 34. வீட்டில் தையல் தொழில் செய்து மாதம் 15,000 ரூபாய் வரை சம்பாதித்துவந்தேன். நான்கு மாதங்களுக்கு முன் ஸ்கூட்டரில் சென்றபோது கார் மோதி இடது முழங்கால் நொறுங்கியது. மருத்துவச் செலவு ரூ.2,10,000. நிரந்தர ஊனம் 30 சதவீதம் என்று சான்று தந்திருக்கிறார்கள். காரின் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசி, ‘மொத்தமாக 3 லட்சம் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள்’ என்கிறார். அமெரிக்காவிலிருக்கும் என் தம்பி, அங்கெல்லாம் எதிர்த்தரப்பு நிறுவனத்துக்கே கோரிக்கைக் கடிதம் எழுதிப் பேசி முடித்துவிடுவார்கள், நீயும் எழுது என்கிறான். எழுதலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: எழுதலாம். ஆனால் உங்கள் தம்பி சொல்லும் கடிதத்துக்கும் இங்கே நீங்கள் எழுத வேண்டிய கடிதத்துக்கும் இடம் வேறு. அங்கே இழப்பீட்டுப் பேச்சு பெரும்பாலும் நீதிமன்றத்துக்கு வெளியே, அந்தக் கடிதத்திலிருந்தே தொடங்குகிறது. நம் நாட்டில் அடுத்தவர் வண்டியால் காயமடைந்தவருக்கான இழப்பீட்டைத் தீர்மானிக்கும் இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். சமரசமானாலும் அதன் முன்னால்தான் பதிவாக வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி, விபத்துச் செய்தி கிடைத்ததும் நிறுவனம் இதற்கென ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும்; அவர் 30 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தின் முன் உங்களுக்குத் தொகை ஒன்றை முன்வைக்கலாம்; நீங்கள் ஏற்றால் தீர்ப்பாயம் அதைச் சம்மதத் தீர்வாகப் பதிவு செய்யும், பதிவு கிடைத்த 30 நாட்களுக்குள் நிறுவனம் பணம் தர வேண்டும்; ஏற்காவிட்டால் விசாரணைக்கு நாள் குறிக்கப்படும். வீட்டுக்கு வந்து முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிப் போவதற்கு இந்த நடைமுறையில் இடமே இல்லை. ஆகவே தொலைபேசியில் பேசியவரிடம், முன்மொழிவைத் தீர்ப்பாயத்தின் மூலமே அனுப்பச் சொல்லுங்கள்.

3 லட்சம் என்பது எவ்வளவு குறைவு என்பதைக் கணக்குப் போட்டால்தான் தெரியும். அதில் மருத்துவச் செலவு போக மிஞ்சுவது ரூ.90,000. இனி நீதிமன்றங்கள் பின்பற்றும் கணக்கைப் பாருங்கள். மாதம் ரூ.15,000 என்றால் ஆண்டுக்கு ரூ.1,80,000. சுயதொழில் செய்யும் 40 வயதுக்குக் குறைந்தவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வகுத்தது. நிரந்தர ஊனமடைந்தவர்களுக்கும் அது பொருந்தும் என்று 2020-இல் பப்பு தேவ் யாதவ் வழக்கில் கூறப்பட்டது. சேர்த்தால் ரூ.2,52,000. இதை வயதுக்கேற்ற பெருக்கு எண்ணால் பெருக்க வேண்டும்; 2009-இல் சரளா வர்மா வழக்கில் தரப்பட்ட பட்டியலில் 31 முதல் 35 வயது வரை அந்த எண் 16. பெருக்கினால் ரூ.40,32,000. உங்கள் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் குறைந்ததோ, இதில் அத்தனை சதவீதம் உங்களுக்கு உரியது. அது 20 சதவீதம் என்று தீர்ப்பாயம் கொண்டால்கூட ரூ.8,06,400 ஆகிறது. மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம், உதவிக்கு ஆள் வைத்த செலவு, வலிக்கும் வேதனைக்குமான தொகை ஆகியவை இதற்கு மேல்.

அந்தச் சதவீதம்தான் எல்லாவற்றுக்கும் அச்சாணி. சான்றில் உள்ள 30 சதவீதம் அந்தக் காலுக்கு உரியதா, முழு உடலுக்கு உரியதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் காலுக்குத்தான் இருக்கும், அப்படியானால் முழு உடலுக்கான கணக்கு அதைவிடக் குறையும். ஆனால் தீர்ப்பாயம் பார்க்க வேண்டியது மருத்துவர் எழுதிய எண்ணை மட்டுமல்ல, அந்த ஊனம் இவர் செய்யும் தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்பதையும்தான். ஒரே ஊனம் ஓட்டுநரையோ தச்சரையோ முழுமையாக முடக்கக்கூடும், மேசை வேலை பார்க்கும் எழுத்தரை அவ்வளவு பாதிக்காது என்று 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. நீங்கள் கால்மிதி இயந்திரத்தில் தைப்பவர் என்றால் முழங்கால் மடங்காதது உங்கள் தொழிலையே அடிக்கிறது. மருத்துவரிடம், எத்தனை நேரம் தொடர்ந்து உட்கார முடியும், மிதியை அழுத்த முடியுமா, முடியாதா என்று எழுதி வாங்குங்கள். இதையே ஒரு வாக்கியமாகச் சான்றில் சேர்க்கச் சொன்னால் மருத்துவர்கள் மறுப்பதில்லை.

சம்பளச் சீட்டு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அளவெடுத்து எழுதும் நோட்டுப் புத்தகம், கூகுள் பே வரவுகள், துணியும் நூலும் வாங்கிய கடைச் சீட்டுகள், வாடிக்கையாளர் இரண்டு பேரின் சாட்சியம் ஆகியவை உங்கள் வருமானத்தைக் காட்டும்.

நிறுவனத்தின் அதிகாரிக்கு எழுதும் கடிதம் சிறியதாகவே இருக்கட்டும். விபத்து நாள், எஃப்.ஐ.ஆர். எண், காரின் பதிவு எண், உங்கள் வயது, தொழில், வருமானம் ஆகியவற்றை எழுதி, மேலே சொன்ன கணக்கை ஒரு பத்தியில் போட்டு, தொலைபேசியில் சொல்லப்பட்ட 3 லட்சத்தை ஏற்கவில்லை என்பதையும் எந்தத் தொகை என்றால் ஏற்கத் தயார் என்பதையும் தெரிவியுங்கள். காவல் துறை விபத்து பற்றிய முதல் அறிக்கையை 48 மணி நேரத்துக்குள்ளும், விரிவான அறிக்கையை 90 நாட்களுக்குள்ளும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். நான்கு மாதம் ஆகிவிட்டதால் இரண்டும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், காவல் நிலையத்தில் நகல் கேளுங்கள். காரின் பாலிசி விவரங்கள் அதில் இருக்கும்.

ஆனால் கடிதத்துக்குப் பதில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தீர்ப்பாயத்தில் மனு போடுவதற்குச் சட்டம் விபத்து நாளிலிருந்து ஆறு மாதம் என்று கெடு வைத்திருக்கிறது. அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டுள்ளன என்றாலும், அதை நம்பித் தள்ளிப்போடுவது தேவையில்லாத துணிச்சல். விபத்து எந்த ஊரில் நடந்திருந்தாலும் உங்கள் வசிப்பிடத்துக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. திண்டுக்கல் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தால் வழக்கறிஞரை அவர்களே அமர்த்தித் தருவார்கள். பிறகு லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்துக்கு அழைப்பு வந்தால் தாராளமாகப் போகலாம், நல்ல தொகைக்கு முடிந்த வழக்குகள் நிறைய உண்டு. ஆனால் அங்கே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால் மேற்கண்ட கணக்குத்தாள் கையில் இல்லாமல் போக வேண்டாம்.

கேள்வி: ‘முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சிட்ட வவுச்சரில் கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்றார்கள். போட்டுவிட்டேன். இனிக் கேட்க முடியாதா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கேட்கலாம். டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்திட்டதாலேயே அதிகத் தொகை கேட்டு மன்றங்களை அணுகும் உரிமை பாலிசிதாரருக்குப் போய்விடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் 2015 செப்டம்பரில் சுற்றறிக்கை வெளியிட்டிருக்கிறது. அழுத்தம் கொடுத்தோ ஏமாற்றியோ வாங்கிய கையெழுத்து நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 1999-இலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் அழுத்தம் இருந்தது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். அதற்கு, பணம் வந்த சில நாட்களுக்குள்ளேயே, எந்தச் சூழலில் கையெழுத்திட்டேன் என்று மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எழுதினால் பின்யோசனை என்றுதான் தோன்றும்.

கேள்வி: ஆம்பட்ஸ்மேனிடமும் நுகர்வோர் ஆணையத்திலும் ஒரே நேரத்தில் புகார் கொடுத்தால் வேலை வேகமாக நடக்குமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: நடக்காது. அதே விவகாரம் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ நிலுவையில் இருந்தால் ஆம்பட்ஸ்மேன் உங்கள் புகாரை எடுத்துக்கொள்ள மாட்டார். முதலில் ஆம்பட்ஸ்மேனிடம் போங்கள். அவருடைய முடிவு உங்களுக்குத் திருப்தி தராவிட்டால் அதை ஏற்காமல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக உங்களுக்கு உரிமை உண்டு. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு கெடு என்பதால், நிறுவனத்தின் மறுப்புக் கடிதம் வந்த தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு இந்த வரிசையில் செல்லுங்கள். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் தாக்கல் செய்யலாம். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருக்கிறது என்பதற்காக அங்கே போக வேண்டியதில்லை.